திருத்தி எழுதிய கதை

அத்தியாயம் 9

போன ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் பத்துப் பேர் முன்னிலையில் தன் கதை கிழிபட்டதிலிருந்து லூர்துசெல்விக்குச் சோறு இறங்கவில்லை.

கிழித்தவள் ராஜேஸ்வரி. வாரப் பத்திரிகையின் உதவி ஆசிரியை. லூர்துசெல்வியைவிடப் பத்து வயதாவது இளையவள். வாசகியர் கூட்டத்தில் கதையை உரக்கப் படித்து முடித்தவள், கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள்.

"பொண்டாட்டி படற கஷ்டம் கண்ணு முன்னால நிக்குது டீச்சர். ஆனா இந்தப் புருஷன் ஆளே இல்லை. உமி அடைச்ச சாக்கு. நாம எல்லாரும் சேர்ந்து குத்தறதுக்குன்னே கொண்டுவந்து நிறுத்தியிருக்கீங்க."

"இப்படிப்பட்ட ஆம்பளைங்க இருக்கத்தானே செய்யறாங்க?"

"இருக்கட்டும். இவன் எதுக்குச் சிரிப்பான்? யார்கிட்ட கோவிச்சுக்குவான்? உங்களுக்கே தெரியலையே. ஒரு தடவையாவது இவன் பக்கத்துல போய் நின்னு பாருங்க. நின்னு பார்த்துட்டுத் திருத்தி எழுதுங்க. கோடைச் சிறப்பிதழ்ல போட்டுடலாம்."

ராஜேஸ்வரிக்கு அது வெறும் பேச்சு. லூர்துசெல்விக்கோ அந்த மனிதன் எங்கே நிற்கிறான் என்று தெரியும். அவள் இருக்கும் ஏற்காட்டிலிருந்து பஸ் ஏறினால் போய்ப் பார்த்துவிடலாம்.

கதையில் அவன் பெயர் பீட்டர். நிஜத்தில் சூசைமாணிக்கம். அவளுடைய நாத்தனார் அமலியின் புருஷன்.

அமலிக்கு இரண்டாவது பிரசவ வலி எடுத்த அந்த அடைமழை நாளில், எஸ்டேட் ஜீப் டிரைவராக இருந்த அவன் ஜீப்போடு எங்கோ போய்விட்டான். அமலியைக் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதாயிற்று. பிறந்த ஆண் குழந்தை தங்கவில்லை. அடக்கத்துக்குக்கூட அவன் வரவில்லை. அதோடு மலையை விட்டே போய்விட்டான். அமலி, சிறு பெண் மரியபுஷ்பத்தைத் தூக்கிக்கொண்டு அண்ணன் கிறிஸ்துதாஸ், அண்ணி லூர்துசெல்வி வீட்டோடு வந்து தங்கினாள்.

நான்கு வருஷமாக அந்த வீட்டில் எல்லோரும் நம்பியது இதுதான். அவன் பெயரை யாரும் எடுப்பதில்லை. அவன் திரும்பி வந்து வெள்ளக்கடையில் மோட்டார் பைக் ரிப்பேர் கடை போட்டிருக்கிறான் என்று சந்தையில் காதில் விழுந்த பிறகும் எடுக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலையில் லூர்துசெல்வி குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அமலி தையல் மெஷினில் இருந்தாள். மறுநாள் கோயிலில் புஷ்பத்துக்குப் புதுநன்மை, முதல்முதலாக நற்கருணை வாங்கும் நாள். வெள்ளை கவுனின் அடிப்பக்கம் இன்னும் மடித்துத் தைக்காமல் கிடந்தது.

"நாளைக்கு விசேஷத்த வெச்சுக்கிட்டு இன்னைக்கு எங்கீங்க அண்ணி?"

"வெள்ளக்கடை வரைக்கும். ஆராயின்னு ஒரு புள்ள பள்ளிக்கூடம் வந்தே நாளாச்சு. அவங்க ஊட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்தர்றேன்."

அமலி வாயில் குண்டூசியோடு தலையை ஆட்டினாள்.

ஆராயி நேற்றுக்கூட முன் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள். கதை எழுதுகிறவளுக்குப் பொய் சொல்லவா வராது என்று பஸ்ஸில் ஏறிய பிறகு லூர்துசெல்வி நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பு அவளுக்கே கசந்தது.

*

கடையைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. தகரக் கொட்டகை, வாசலில் பிரித்துப்போட்ட மூன்று வண்டிகள். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

"ஏனுங்க வெள்ளையண்ணா, இது சைலன்சருங்களா, கொட்டாங்குச்சியா? நீங்க வர்றது கரடியூருக்கே கேக்குமாட்ட இருக்குதே!"

சொல்லிவிட்டுச் சொன்னவனே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அது சூசைமாணிக்கம்தான்.

லூர்துசெல்வி சாலையோரத்திலேயே நின்றுவிட்டாள். இருபத்திரண்டு பக்கக் கதையில் பீட்டர் ஓர் இடத்தில்கூடச் சிரித்ததில்லை. குடித்தான், கத்தினான், கதவை உதைத்தான். சிரிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அவளைப் பார்த்ததும் அவன் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றது. வண்டிக்காரரை அவசரமாக அனுப்பினான். முக்காலியைச் சட்டை நுனியால் துடைத்துப் போட்டான்.

"வாங்க அம்மிணி." அடுத்த மூச்சில் கேட்டான். "அமலிக்கு ஏதாச்சுமுங்களா?"

"ஒண்ணுமில்லைங்கண்ணா. நல்லாத்தான் இருக்கறா."

அவன் சுவரில் சாய்ந்துகொண்டான். காதோரம் நரைத்திருந்தது. ஆனால் தலையை எண்ணெய் போட்டுப் படிய வாரியிருந்தான். சட்டைப் பையில் சீப்பு நீட்டிக்கொண்டிருந்தது.

அவள் பஸ்ஸில் வரும்போதே கேள்விகளை வரிசைப்படுத்தி வைத்திருந்தாள். முதல் கேள்வியைக் கேட்டாள்.

"அன்னிக்கு ஏனுங்க வரலை?"

அவன் கீழே குந்தி உட்கார்ந்தான். கழற்றி வைத்திருந்த ஒரு சக்கரத்தைத் தூக்கி ஸ்டாண்டில் மாட்டினான். சுற்றிவிட்டான். சக்கரம் ஒருபக்கம் கோணிக்கொண்டு ஓடியது. ஒரு கம்பியை முறுக்கினான். மறுபடி சுற்றினான்.

அடுத்த கேள்வி அவள் நாக்கு நுனியில் இருந்தது. கேட்டால் இந்த மனிதன் எழுந்து போய்விடுவான் என்று பட்டது. வாயை மூடிக்கொண்டு அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சக்கரம் கோணல் குறைந்து ஓடத் தொடங்கியபோது அவனாகவே பேசினான்.

"சேலத்துல ஆளுகள எறக்கி உட்டுட்டு மேல வர்றனுங்க, மழையில பாறை சரிஞ்சு ரோட்ட அடைச்சுக்கிச்சு. ஜீப்ப அங்கியே போட்டுட்டு நடந்தேன். நான் வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சுங்க. ஆஸ்பத்திரியில கேட்டா, ஊட்டுக்குக் கொண்டுபோயிட்டாங்கன்னாங்க. அங்கிருந்து எஸ்டேட் கேட்டுக்கு வந்தேன்."

"வந்தீங்களா?"

"வந்தனுங்களே. மச்சான் கேட்டுல நின்னாரு. 'அமலி உம் மூஞ்சியில முழிக்க மாட்டேங்கறா, போயிரு'ன்னாரு. பையன் மொகத்த ஒருக்கா பார்த்துட்டுப் போயர்றேன் மச்சான்னேன். பொட்டி மூடியாச்சுன்னாரு."

சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினான்.

"மூடுன பொட்டியத் தொறங்கன்னு எப்படிங்க கேக்கறது?"

லூர்துசெல்விக்கு நன்றாக நினைவிருந்தது. அந்தப் பெட்டி மூடியிருக்கவில்லை. கோயில் உபதேசியார் வந்து ஜெபம் சொல்லும்வரை திறந்துதான் இருந்தது. குழந்தையின் கன்னத்தருகே ரோஜாப் பூவை வைத்தவளே அவள்தான். அவன் கேட்டில் நின்ற நேரத்தில் அவள் பின்கட்டில் புஷ்பத்துக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"புஷ்பம் எந்தக் கிளாசுங்க அம்மிணி?"

"மூணாவது. நாளைக்குப் புதுநன்மை." வாய் தவறி வந்துவிட்டது.

அவன் எழுந்து நின்றான். கையில் இருந்த கிரீஸை எங்கே துடைப்பது என்று தெரியாமல் தடுமாறினான்.

"நான் தூரமா நின்னு ஒருக்கா பார்த்துக்கட்டுங்களா? கோயிலுக்குள்ள வரலீங்க. உங்க ஊட்டுப் பக்கமும் வரலை. ரோட்டுல நின்னு பார்த்துட்டு வந்தர்றேன்."

அது அவள் கொடுக்கக்கூடிய அனுமதி இல்லை. அமலி இருக்கிறாள், கிறிஸ்துதாஸ் இருக்கிறான். ஆனால் இல்லை என்று சொன்னால் இவன் பேச்சை நிறுத்திவிடுவான். இவ்வளவு நாள் எங்கே இருந்தான், எப்படிப் பிழைத்தான் என்று இன்னும் எவ்வளவோ கேட்க வேண்டியிருந்தது.

"சரிங்கண்ணா" என்றாள்.

புறப்படும்போதுதான் கொட்டகைக்குப் பின்னால் கொடியில் காய்ந்த சேலையைப் பார்த்தாள். யாருடையது என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

பஸ்ஸில் வரும்போது லூர்துசெல்வியின் மனம் துள்ளியது. கதை கிடைத்துவிட்டது! ராஜேஸ்வரி இனி உமி என்று சொல்ல முடியாது. அடுத்த கொண்டை ஊசி வளைவு வருவதற்குள் அந்தத் துள்ளல் போய்விட்டது. ஒரு மனிதன் தன் செத்த பிள்ளையைப் பற்றிச் சொன்னதைக் கேட்டுவிட்டு வருகிறவள் இப்படியா சந்தோஷப்படுவாள்?

*

வீட்டுக்கு வந்ததும் முன்னறை மேஜையில் உட்கார்ந்தாள். பின்னறையில் அமலியின் மெஷின் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. புஷ்பம் மறுநாள் பூசைக்கு ஒத்திகை பார்க்கக் கோயிலுக்குப் போயிருந்தாள்.

பழைய தாள்களை ஓரமாக வைத்துவிட்டு முதலிலிருந்து எழுதினாள். பீட்டர் சிரித்தபடி உள்ளே வந்தான். சட்டைப் பையில் சீப்பு வைத்திருந்தான். பெண்டாட்டி நலமா என்று கேட்டபோது அவன் குரல் மாறியது. பேனா ஓடிய வேகத்தில் அவளுக்குக் கை வலித்தது.

நாலு பக்கம் போன பிறகு எழுதியதைப் படித்துப் பார்த்தாள். என்னவோ உறுத்தியது. மறுபடி படித்தாள். கொடியில் காய்ந்த சேலையை எழுதாமல் விட்டிருந்தாள்.

மறந்து விட்டதல்ல. நேற்றுவரை அவனைக் கெட்டவனாக்க என்னவெல்லாம் சேர்த்தாளோ, இன்று அவனை நல்லவனாக்க அதேபோல் ஒளிக்கிறாள். அப்படியென்றால் இதுவும் சாக்குதான். உமிக்குப் பதில் பஞ்சு.

மனமில்லாமல் ஒரு வரி சேர்த்தாள்: 'கொட்டகைக்குப் பின்னால் ஒரு பெண்ணின் சேலை காய்ந்தது.' அந்த ஒரு வரியில் பீட்டர் மேல் கொஞ்சம் நிழல் விழுந்தது. ஆனால் முன்னைவிட உயிரோடு இருந்தான்.

பிறகு கேட் வந்தது. கேட்டில் பெண்ணின் அண்ணன் வந்து நின்றான்.

'அண்ணனின் கண்கள் நெருப்பாய்ச் சிவந்தன. பல்லை நறநறவென்று கடித்தான்' என்று எழுதினாள். எழுதும்போது அவளுக்குக் கிறிஸ்துதாஸின் மேல் அப்படியொரு ஆத்திரம். இத்தனை வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே ஜெபமாலையைச் சொல்லி, இதை மறைத்திருக்கிறானே! இன்னும் நாலு வரி திட்டி எழுதிவிட்டுத்தான் கையை எடுத்தாள்.

படித்துப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. சாக்கு அதேதான், ஆள்தான் மாறியிருக்கிறான். பீட்டரை வெளியே எடுத்துவிட்டு அண்ணனை உள்ளே போட்டுத் தைத்திருக்கிறாள்.

அந்த வரிகளை அடித்தாள். இவன் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். எப்படி நிற்பது? அழுகிற தங்கைக்கு அண்ணனாக இருக்கிறவன் ஒருத்தன், பெட்டி மூடியாச்சு என்று ஏன் சொல்வான்? கோபமாக இருந்தால் அடித்திருப்பான். இழுத்துவந்து, 'பாருடா, உன்னால் போன பிள்ளை' என்று காட்டியிருப்பான். காட்டாமல் ஏன் துரத்தினான்?

கதையில் ஓட்டை விழுந்தால் அவள் எப்போதும் செய்வதுபோல் சின்னச் சின்னக் கேள்வியாகக் கேட்டுப் பார்த்தாள். அன்று ஜீப் எங்கே போனது? சேலத்துக்கு. எதற்கு? யாரையோ இறக்கிவிட. டிரைவர் தன் இஷ்டத்துக்கு எஸ்டேட் ஜீப்பை எடுக்க முடியுமா? முடியாது. டிரிப் போடுகிறவர் சொல்ல வேண்டும். டிரிப் போடுகிறவர் யார்?

எஸ்டேட் ரைட்டர், ஆபீஸ் கணக்கு எழுதுகிறவர்.

பேனா அப்படியே நின்றது. ரைட்டர் கிறிஸ்துதாஸ். அவளுடைய புருஷன்.

கூலிக்காரர் வீட்டில் யாருக்காவது பிரசவ மாதம் என்று தெரிந்துவிட்டால் கிறிஸ்துதாஸ் ஜீப்பை ஆபீஸ் வாசலைவிட்டு நகர விடமாட்டான். முதலாளியே கேட்டாலும் வண்டி ரிப்பேர் என்று சொல்லிவிடுவான். நான்கு வருஷமாக அப்படித்தான். மனுஷனுக்கு எவ்வளவு நல்ல குணம் என்று அவள் பள்ளிக்கூடத்தில்கூடப் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

தாள்களை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள்.

*

மிளகு காயும் களத்தில் எல்லோரும் பரபரத்துக்கொண்டிருந்தார்கள். மலைக்கு மேல் கருமேகம் திரண்டு நின்றது.

"சின்னையா, அந்தப் பக்கத்துத் தார்ப்பாய இழு! ஈரம் பட்டா அத்தனையும் பூஞ்சக்காளான் புடிச்சுரும்!" கிறிஸ்துதாஸ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே மிளகை வாரிக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க, ஒரு நிமிஷம் வாங்க."

"மழை வந்துருச்சு செல்வி. அப்புறமேலு பேசலாம்."

"அன்னிக்கு ஜீப்ப சேலத்துக்கு அனுப்புனது யாருங்க?"

எந்த அன்னிக்கு என்று அவன் கேட்கவில்லை. வாருகட்டையை ஊன்றிக்கொண்டு அவளைப் பார்த்தான்.

"வெள்ளக்கடைக்குப் போனியா?"

"போனேன்."

"எதுக்கு?"

"கதைக்கு." உண்மைதான். ஆனால் சொன்னபோது கூச்சமாக இருந்தது.

"கதைக்கு!" அவன் கட்டையைக் கீழே போட்டான். "ஊட்டு மானத்த எடுத்து அச்சுல போடறதுக்கு அவன்கிட்ட போய் நின்னியாக்கும்?"

"பொட்டி மூடியிருக்கலீங்க. நான்தானே பூ வெச்சேன்."

ஆட்கள் காதில் விழாத தூரத்துக்கு அவன் நடந்தான். அவள் பின்னாலேயே போனாள். சில்வர் ஓக் மரத்தடியில் நின்று பேசினான்.

"முதலாளி ஊட்டு விருந்தாளிங்க ரயிலுக்குப் போகணும்னாங்க. 'அமலிக்கு நாளு நெருங்கிருச்சு மச்சான், வேற யாரையாச்சும் அனுப்புங்க'ன்னுதான் சொன்னான். பொழுது சாயறதுக்குள்ள வந்தர்லாம் போன்னேன். இப்படி மழை அடிக்கும்னு கண்டமா?"

"அதை அவர் எங்கிட்ட சொல்லவே இல்லீங்க."

"எங்கிட்டயும் சொல்லலை!" அவன் மரத்தில் கையை ஊன்றினான். "கேட்டுல வந்து நின்னப்ப, 'நீங்கதான அனுப்புனீங்க'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தான்னா அங்கியே அவன் கால்ல உழுந்திருப்பேன். கேக்கலை செல்வி. பையன் மொகத்தக் காட்டுங்கன்னு மட்டும் நின்னான். நான் எப்படி அவன் பக்கத்துல நின்னு அந்தப் புள்ளையப் பாப்பேன்? போயிட்டான்னாப் போதும்னு வாயில வந்ததச் சொன்னேன்."

அவள் தேடி வந்தது கிடைத்துவிட்டது. இந்த முறை மனம் துள்ளவில்லை.

"இன்னொண்ணுங்க. புஷ்பத்தப் பாக்க நாளைக்கு வர்றேன்னாரு. தூரமா நின்னு. நான் சரின்னுட்டேன்."

"சரிங்கறதுக்கு நீ யாரு?"

அவள் களத்துப் பக்கம் பார்வையைத் திருப்பினாள்.

"பார்த்துட்டுச் சும்மா போயிருவானா? எம் புள்ளையக் குடுங்கன்னு கேட்டா? என்ன சொல்லுவே?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர்களுக்குக் குழந்தை இல்லை. புஷ்பத்துக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவள் லூர்துசெல்வி. தோளில் தூக்கிக்கொண்டு ஏரிக்கரையைச் சுற்றியவன் கிறிஸ்துதாஸ். சூசைமாணிக்கம் கேட்டோடு திரும்பிப் போனதால்தான் அந்தக் குழந்தை இவர்கள் வீட்டில் வளர்ந்தாள். இதை அவள் கதையில் எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை.

மழை சடசடவென்று இறங்கியது. கிறிஸ்துதாஸ் களத்தைப் பார்த்து ஓடினான்.

*

நனைந்துகொண்டே வந்த லூர்துசெல்வி வாசலில் நின்றுவிட்டாள். மெஷின் சத்தம் இல்லை. அமலி முன்னறையில், அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் தாள்கள். கடைசிப் பக்கத்துக்கு வந்திருந்தாள்.

"அமலி, அது வந்து..."

"அந்தச் சேலை என்ன நிறமுங்க அண்ணி?"

லூர்துசெல்வி தாள்களைப் பார்த்தபடி சொன்னாள். "பச்சை."

"புதுசுங்களா?"

"பழசுதான். கைத்தறி."

அமலி தலையை ஆட்டினாள். துண்டை எடுத்து நீட்டினாள். "தலையத் தொவட்டுங்க. சளி புடிச்சுக்கும்."

திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். லூர்துசெல்வி துண்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"காலையிலயே தெரியுமுங்க. ஆராயி நேத்து நம்ம ஊட்டு வழியாத்தான் பள்ளிக்கூடம் போனா." அமலி தாள்களைத் தட்டி ஒழுங்காக்கினாள். "நல்லா எழுதியிருக்கீங்க. அவரு சிரிக்கறது அப்படியேதான். அண்ணன் கேட்டுல நிக்கற எடத்துல எதையோ அடிச்சுட்டீங்க போல."

"உனக்கு இது தெரியணும்னுதான் கண்ணு. அவர் அன்னிக்கு வந்தாரு. வரலைன்னு உங்கிட்டச் சொன்னது..."

"அவரு வந்தது எனக்குத் தெரியுமுங்க அண்ணி."

மழை கூரையில் அடித்தது. தான் சரியாகக் கேட்டோமா என்று லூர்துசெல்விக்குச் சந்தேகமாக இருந்தது.

"இந்தச் சன்னலோரந்தானே என்னைப் படுக்கப் போட்டிருந்தீங்க? இங்கிருந்து கேட்டு நல்லாத் தெரியும். பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். முழங்கால் வரைக்கும் சேறு அவருக்கு. அண்ணன் என்னவோ சொன்னாரு. அவரு கையக் கூப்பிக்கிட்டு நின்னாரு. அப்புறம் திரும்பிப் போயிட்டாரு. நான் ஒரு சத்தம் குடுத்திருந்தா கேட்டிருக்கும். குடுக்கலை."

"அப்ப, அவர் வரவே இல்லைன்னு உங்கண்ணன் வந்து சொன்னப்ப?"

"சரீன்னேன். அவ்வளவுதான்." அமலி ஒரு தாளை எடுத்துக் காட்டினாள். "நீங்க இதுல என்னை ஒவ்வொரு பக்கத்துலயும் அழ வெச்சிருக்கீங்க. பழசுலயும் அழறேன், புதுசுலயும் அழறேன். அன்னிக்கு நான் அழலைங்க அண்ணி. புள்ளைக்கு அழுதேன். அவரு போனதுக்கு அழலை."

அமலியின் புருஷனைத் தேடி வெள்ளக்கடைக்குப் போனாள். அண்ணனைத் தேடி மிளகுக் களத்துக்குப் போனாள். பக்கத்து அறையில் மெஷின் மிதித்துக்கொண்டிருந்தவளிடம் போய் நிற்க வேண்டும் என்று லூர்துசெல்விக்குத் தோன்றவே இல்லை. பாவம் அமலி, அவளைத்தான் நமக்குத் தெரியுமே என்று விட்டுவிட்டாள்.

"ஏன் கண்ணு? ஏன் கூப்பிடலை?"

கேட்கும்போதே அவள் வலக்கை தானாக மேஜைப் பக்கம் போய்ப் பேனாவைத் தொட்டது. அமலி அந்தக் கையைப் பார்த்தாள்.

"எழுதறதுக்குக் கேக்கறீங்களா, எனக்காகக் கேக்கறீங்களா?"

உனக்காகத்தான் என்று சொல்லிவிடலாம். அமலி நம்பிவிடுவாள். லூர்துசெல்விக்கு அன்று காலையிலிருந்து முதல் தடவையாகப் பொய் வரவில்லை.

"ரெண்டுக்கும்தான்."

அமலி கையிலிருந்த தாளை மடியில் வைத்தாள். கோபமா, வருத்தமா, ஒன்றும் தெரியவில்லை.

"அப்படீன்னா அதை மூடி வெச்சுட்டு உக்காருங்க."

லூர்துசெல்வி பேனாவை மூடிவைத்தாள். ஈரச் சேலையோடு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"அந்த ஊட்டுல எனக்கு ஒரு கொறையும் இல்லைங்க அண்ணி. அவரு கை நீட்டுனதில்லை. குடிச்சதுமில்லை, அதெல்லாம் நீங்களா எழுதுனது. ஆனா..."

அமலி நிறுத்தினாள். வாசலில் தடதடவென்று காலடிச் சத்தம்.

புஷ்பம் ஓடிவந்தாள். அவளைப்போல் மூன்று மடங்கு பெரிய மழைக்கோட்டு ஒன்று தலையிலிருந்து கால்வரை அவளைப் போர்த்தியிருந்தது. அதன் கைகள் தரையில் புரண்டன. பெட்ரோல் வாசனை அறைக்குள் வந்தது.

"யாருது கண்ணு இது?" என்றாள் லூர்துசெல்வி.

"ஒரு ஆளு குடுத்தாருங்க அத்தை. கோயில்கிட்ட மழையில நின்னுக்கிட்டு இருந்தேன். மோட்டார் பைக்ல கொண்டாந்து உட்டாரு."

"தெரியாத ஆளுகூட வண்டியில ஏறலாமா? அறிவிருக்குதா உனக்கு?"

"அவருக்கு எம் பேரு தெரிஞ்சுது. மரியபுஷ்பம்னு முழுசாச் சொன்னாரு. மழைக்குத்தான் ஏறுனேன்." குழந்தைக்கு மூச்சு வாங்கியது. "நாளைக்குத்தான் வரணும்னு இருந்தாராம். பொறுக்க முடியலையாம்."

லூர்துசெல்வி அமலியின் பக்கம் திரும்பத் துணியவில்லை. "இப்ப எங்க அவரு? போயிட்டாரா?"

"இல்லைங்க அத்தை. ரோட்டுலயே நிக்கறாரு. மாமா களத்துல இருந்து வந்தாரு. ரெண்டு பேரும் ஒண்ணுமே பேசாம நின்னாங்க. அப்புறம் மாமா அவரு கையப் புடிச்சு, ஊட்டுக்குள்ள வாங்கன்னு கூப்பிட்டாரு. மாமா அழுதாருங்க அத்தை. ஆனா அவரு வரமாட்டேன்னுட்டாரு."

"ஏனாம்?"

புஷ்பம் மழைக்கோட்டுக்குள்ளிருந்து தன் தாயை அண்ணாந்து பார்த்தாள்.

"உங்கம்மா கூப்பிட்டாத்தான் வருவேன்னாரு."

அமலி எழுந்தாள். மடியிலிருந்த தாள்கள் நழுவித் தரையில் பரவின. அவள் குனிந்து எடுக்கவில்லை.

அவள் வாசலுக்குப் போகப் போகிறாளா, பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளப் போகிறாளா? நான்கு வருஷம் அவளோடு ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்ட லூர்துசெல்விக்கு அந்த முகத்தைப் பார்த்து எதையும் ஊகிக்க முடியவில்லை.